கமாயிஷியில் ஓர் உலகக் கோப்பை ஆட்டம்

2019-இல் ஜப்பானில் ரக்பி உலகக் கோப்பை நடந்தபோது நான் தோக்கியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இதைத் தெரிந்துகொண்ட நண்பர்கள் எல்லோரும் தவறாமல் கேட்பது யோகோஹாமாவைப் பற்றித்தான். இறுதிப் போட்டி அங்கேதான் நடந்தது. எழுபதாயிரம் பேர் பார்க்க, தென்னாப்பிரிக்கா இங்கிலாந்தை 32-12 என்று புரட்டி எடுத்தது. அந்த ராத்திரியைப் பற்றி உலகத்தில் உள்ள எல்லா மொழியிலும் எழுதிவிட்டார்கள், நான் வேறு எதற்கு? தவிர, அந்தப் போட்டியால் யோகோஹாமாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்வேன். முப்பத்தேழு லட்சம் பேர் இருக்கிற நகரம் அது. அப்படிப்பட்ட ஊருக்கு உலகக் கோப்பை என்பது இன்னொரு பெரிய கூட்டம், அவ்வளவுதான். போலீஸ்காரர்கள் கூம்பு வைத்தார்கள், எடுத்தார்கள். அடுத்த வாரம் ரயிலில் அதே நெரிசல், நின்றுகொண்டே தூங்குகிற அதே முகங்கள்.

நான் சொல்ல வந்தது கமாயிஷியைப் பற்றி.

வரைபடத்தில் தேடுவதானால், ஜப்பானின் பெரிய தீவில் வடகிழக்குக் கரையைப் பாருங்கள். அங்கே கடற்கரை நேர்கோடாக இருக்காது. மலை கடலுக்குள் இறங்கும், கடல் மலைக்குள் நுழையும், நடுவில் கிடைத்த கொஞ்சம் சமநிலத்தில் ஓர் ஊர் ஒண்டியிருக்கும். இவாத்தே மாகாணத்தில் அப்படி ஒண்டியிருக்கும் ஊர்களில் ஒன்றுதான் கமாயிஷி. 2019-இல் மக்கள்தொகை சுமார் 35,000. நம்மூர்க் கணக்கில் ஒரு சின்ன தாலுகா ஊர் அளவுதான். போட்டி நடந்த பன்னிரண்டு ஊர்களில் இதுதான் ஆகச் சிறியது. தோக்கியோ, ஒசாகா, சப்போரோ, கோபே என்று போகும் பட்டியலில் இந்தப் பெயரைப் பார்த்து, அச்சுப்பிழையோ என்று நினைத்தவர்கள் உண்டு.

ஆனால் ஜப்பானில் ரக்பி தெரிந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் இவாத்தேக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், அலுவலகத்தில் அதிகம் பேசாதவர். கமாயிஷி என்றால் மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் சொல்லித்தான் எனக்கு இந்தக் கதையே தெரியும்.

அது இரும்பு ஊர். ஜப்பானில் மேற்கத்திய முறை ஊதுலைகள் முதலில் வெற்றிகரமாக எரிந்தது அந்த மலைகளில்தான், 1850-களின் கடைசியில். பிறகு பெரிய உருக்காலை வந்தது. 1945 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை கப்பலிலிருந்து குண்டு பொழிந்து ஊரைத் தகர்த்ததும் அந்த ஆலைக்காகத்தான். போருக்குப் பிறகு மறுபடி எழுந்து, 1960-களின் தொடக்கத்தில் மக்கள்தொகை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. ஆலைத் தொழிலாளர்களுக்கு ஒரு ரக்பி அணி இருந்தது. பகலில் உலைக்கு முன்னால் வேலை, சாயங்காலம் மைதானம். அந்த அணி 1979 முதல் 1985 வரை தொடர்ந்து ஏழு முறை தேசியக் கோப்பையை வென்றது. தோக்கியோவில் இறுதிப் போட்டி நடக்கும்போது ஊரிலிருந்து ஆட்கள் கூட்டமாக வந்து, மீன்பிடிப் படகுகளில் நல்ல வேட்டைக்குப் பின் கட்டுகிற பெரிய வண்ணக் கொடிகளை அரங்கத்தில் வீசுவார்களாம். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக, ஆள் உயரத்துக்கு மேல் நீளமானவை. 'வடக்கின் இரும்பு மனிதர்கள்' என்று பத்திரிகைகள் எழுதின. மத்சுவோ யூஜி என்ற ஆட்டக்காரரின் பெயரை என் நண்பர் சொல்லும்போது, நம் ஊரில் ஐம்பது வயதுக்காரர்கள் கபில்தேவ் பெயரைச் சொல்வார்களே, அந்தத் தொனி வரும்.

ரக்பி என்றால் நம்மில் பலருக்கு முட்டை வடிவப் பந்தும் மண்ணில் புரளும் தடியர்களும்தான் நினைவுக்கு வரும். (ரக்பி ஊறிய இலங்கைக் கண்டிக்காரர்கள் மன்னிக்க. உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதியில்லை.) அதற்கு மேல் இந்தப் பதிவுக்குத் தேவையும் இல்லை. முன்னால் இருப்பவனுக்குப் பந்தைக் கையால் எறியக்கூடாது, பின்னால் வருபவனுக்குத்தான் தரலாம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

1989-இல் கடைசி ஊதுலையையும் அணைத்துவிட்டார்கள். ஆலை கம்பி இழுக்கும் வேலையோடு சுருங்கியது. வேலை போனது, இளைஞர்கள் போனார்கள், அணியும் தேய்ந்தது. 2001-இல் நிறுவனம் கைவிடாத குறையாக விட்டதை எடுத்து, ஊர்க்காரர்களும் சேர்ந்து சீவேவ்ஸ் என்ற பெயரில் ஒரு கிளப்பாக்கினார்கள். கீழ் அடுக்கில் ஆடியது. ஏழு கோப்பை ஞாபகத்தை வைத்துக்கொண்டு இரண்டாம் தர ஆட்டம் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நண்பரிடம் ஒருமுறை கேட்டேன். "பழகிவிடும். ஆனால் திட்டுவதை நிறுத்த முடியாது" என்றார்.

பிறகு 2011 மார்ச் 11, நிலநடுக்கமும் சுனாமியும்.

டிசம்பர் 2004-ஐ நாகப்பட்டினம் பக்கம் பார்த்தவர்களுக்கு இந்தப் பத்தியை நான் நீட்ட வேண்டியதில்லை. கமாயிஷி விரிகுடா வாயில் முப்பது வருடம் கட்டி 2009-இல் முடித்த ஓர் அலைத்தடுப்பு இருந்தது. 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பியது, உலகிலேயே ஆழமானது என்று கின்னஸ் சான்றிதழும் வாங்கியது. அலை அதை உடைத்துக்கொண்டு வந்தது. நகரத்தில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரத்துக்கு மேல்.

நகரத்துக்கு வடக்கே உனோசுமாய் என்ற பகுதி. ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியும் ஒரு நடுநிலைப் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் சேர்த்து அறுநூறுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள். நிலம் ஆடி நின்றதும் பெரிய பிள்ளைகள் ஓட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளும் இறங்கி வந்தார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறித்து வைத்திருந்த இடத்தை அடைந்ததும் பக்கத்துப் பாறைச்சரிவு உதிர்வதைப் பார்த்து, இது போதாது என்று இன்னும் மேலே ஓடினார்கள். அங்கேயும் நிற்காமல் அதற்கும் மேலே. முதலில் நின்ற இடத்தை அலை மூழ்கடித்தது. அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்கள். குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் கத்தாதா தோஷித்தாக்கா பல வருடங்களாக அந்த ஊர்ப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்திருந்த பாடம் அது: வரைபடத்தில் போட்ட கோட்டை நம்பாதே, முதல் ஆளாக ஓடு.

அதே உனோசுமாயில் இன்னொன்றும் நடந்தது. 'பேரிடர்த் தடுப்பு மையம்' என்று பெயர்ப்பலகை போட்ட ஒரு புதுக் கட்டடம் இருந்தது. சில நாட்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் வந்து கூடிய பழக்கத்தில், அன்றைக்கும் ஊர்க்காரர்கள் பலர் அங்கே போய் நின்றார்கள். தண்ணீர் மேல்மாடியின் உச்சிவரை ஏறியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இறந்தார்கள். கமாயிஷியைப் பற்றி எழுதுகிற வெளிநாட்டுப் பத்திரிகைகள் பிள்ளைகள் கதையோடு நிறுத்திக்கொள்ளும். அது எனக்கு ஒப்பவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த ஊர் புரியும்.

ரக்பி அணியில் அப்போது வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியக்காரரான ஸ்காட் ஃபார்டி அவர்களில் ஒருவர். ஊரை விட்டு வெளியேற அவருக்கு வழி கிடைத்தது. போகவில்லை. அணியோடு சேர்ந்து நிவாரணப் பொருள்களை இறக்கி, வீடுவீடாகச் சுமந்தார். நான்கு வருடம் கழித்து 2015 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவுக்காக ஆடினார். என் நண்பரைப் பொறுத்தவரை அந்த இறுதிப் போட்டியில் கமாயிஷியும் ஆடியது.

சரி, இனி போட்டிக்கு வருகிறேன்.

இரண்டு பள்ளிகளும் இருந்த அந்த நிலத்தில் ரக்பி அரங்கம் கட்டி உலகக் கோப்பை ஆட்டம் நடத்துவோம் என்று ஊரில் சிலர் பேச ஆரம்பித்தபோது, இன்னும் ஆயிரக்கணக்கானோர் தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தார்கள். எதிர்ப்பு வரத்தான் செய்தது. வீடு முதலிலா, விளையாட்டு முதலிலா? பிணங்கள் கிடந்த மண்ணில் கூத்தா? இந்தக் கேள்விகளைக் கேட்டவர்களைப் பிற்போக்குவாதிகள் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெரிய போட்டிகள் வருகிற எந்த ஊரிலும் கேட்க வேண்டிய கேள்விதான் அது. பெரும்பாலான ஊர்களில் கேட்பதற்கு முன்பே அடிக்கல் நாட்டிவிடுவார்கள்.

கமாயிஷி அதற்குச் சொன்ன பதில் ஏற்றுக்கொள்ளத்தக்கதாக இருந்தது என்பது என் எண்ணம். முதலாவது, பள்ளிகள் அந்த இடத்துக்குத் திரும்பப் போவதில்லை. குன்றின் மேல் புதிதாகக் கட்டி 2017-இல் அங்கே போய்விட்டன. இரண்டாவது, அரங்கத்தின் அளவு. போட்டிக்குச் சுமார் 16,000 இருக்கைகள் தேவை. அதில் 6,000 மட்டுமே நிரந்தரம், மீதியைப் போட்டி முடிந்ததும் கழற்றிவிடலாம். 2002 கால்பந்து உலகக் கோப்பைக்காகக் கட்டிய அரங்குகளில் சில, வருடத்தில் பாதி நாள் புல் வெட்டுவதற்கு மட்டும் ஆள் வந்துபோகிற இடங்களாக நிற்பதைப் பார்த்தவர்கள் இவர்கள். 2015 மார்ச்சில் போட்டி நடக்கும் ஊர்களின் பட்டியல் வெளியானது. அதில் கமாயிஷியும் இருந்தது. பிறகு அதற்கு இரண்டு ஆட்டங்கள் கிடைத்தன. பன்னிரண்டு அரங்குகளில் இந்த உலகக் கோப்பைக்காகவே புதிதாகக் கட்டியது அது ஒன்றுதான். 2018 ஆகஸ்டில் திறந்தார்கள். இருக்கைகளில் ஒரு பகுதி மரத்தால் ஆனது. 2017-இல் அந்த ஊர் மலையில் காட்டுத்தீ பிடித்துக் கருகிய தேவதாரு மரங்களை வீணாக்காமல் அறுத்துச் செய்தவை. உட்கார்ந்து பார்த்தேன். முதுகுக்கு அவ்வளவு சுகமில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆட்டம் 2019 செப்டம்பர் 25, புதன்கிழமை மதியம் இரண்டே கால் மணிக்கு. பிஜிக்கும் உருகுவேக்கும். வேலை நாள் மதியம் உருகுவே ஆடுவதைப் பார்க்க மலை தாண்டி யார் போவார்கள் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். போக வழியும் சுலபமில்லை. புல்லட் ரயிலில் ஷின்-ஹனமாக்கி, அங்கிருந்து மலைகளுக்குள் நெளிந்து போகும் கமாயிஷி லைன். பெட்டிகள் குறைவு, அன்றைக்கு நிற்க இடமில்லை. பிறகு கடலோர ரயில். சுனாமி பிய்த்தெறிந்த அந்தத் தண்டவாளத்தை ஆறு மாதம் முன்னால், மார்ச் 23-ஆம் தேதிதான் சரிசெய்து, ரியாஸ் லைன் என்று 163 கிலோமீட்டருக்கு ஒரே பாதையாக ஓட விட்டிருந்தார்கள். ஊரில் விடுதிகள் கொஞ்சம்தான். வந்தவர்களில் பாதிப்பேர் மோரியோக்காவிலோ ஹனமாக்கியிலோ தங்கி, விடியற்காலையில் கிளம்பி வந்தவர்கள்.

கமாயிஷியில் இறங்கியதும் சாப்பாடு. அந்த ஊர் ராமெனில் நூடுல்ஸ் சேமியா மாதிரி மெல்லியதாக இருக்கும். ஆலைத் தொழிலாளிகள் அவசரத்தில் வருவார்கள், சீக்கிரம் வேக வேண்டும், அதனால் மெல்லிசாக இழுத்தார்கள் என்பது கடைக்காரர் தந்த விளக்கம். அன்றைக்கு வந்தவர்களும் அவசரக்காரர்கள்தான், ஆகவே பொருத்தமாக இருந்தது. பக்கத்து மேசையில் பிஜி சட்டை போட்ட இரண்டு ஆஜானுபாகுகள். அவர்களுக்கு நாற்காலி பத்தவில்லை. கடைக்காரரின் அம்மா உள்ளேயிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர்கள் எழுந்து வாங்கப் போக, "நீங்கள் உட்காருங்கள், உங்களுக்கு ஆட்டம் இருக்கிறது" என்றார். ரசிகர்களையே ஆட்டக்காரர்கள் என்று நினைத்துவிட்டார். யாரும் திருத்தவில்லை.

போட்டி முழுக்கவே ஜப்பான் ஊர்கள் இப்படித்தான் இருந்தன. கித்தாக்யூஷூவில் வேல்ஸ் அணி பயிற்சி செய்ததைப் பார்க்கப் பதினைந்தாயிரம் பேர் வந்து வேல்ஸ் மொழிப் பாட்டை மனப்பாடமாகப் பாடினார்கள். பீர் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அமைப்பாளர்கள் எல்லா ஊர்களுக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பினார்கள். அதுவும் விருந்தோம்பலில் சேர்த்திதான்.

உனோசுமாய் ஸ்டேஷனிலிருந்து அரங்கம் நடை தூரம். வழி முழுக்க ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள், கிடைத்தாலும் கூட்டத்தில் உட்கார முடியாத வயதானவர்கள். படகுக் கொடிகள் வந்திருந்தன. மேகமே இல்லாத வானம். ஆட்டத்துக்கு முன் விமானப் படையின் சாகச விமானங்கள் புகைக்கோடு போட்டுப் போயின. இறந்தவர்களுக்காக அமைதி காத்தோம். நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நின்று, உலகம் செய்த உதவிக்கு நன்றி சொல்லும் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். என்னோடு வந்திருந்த நண்பர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். கட்டி முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

எல்லோரும் பிஜி ஜெயிக்கும் என்றுதான் வந்திருந்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்புதான் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் பாதியில் முன்னிலையில் இருந்த அணி அது. ஆனால் இங்கே பந்தைக் கையில் வைத்துக்கொள்ள மறந்தவர்கள் மாதிரி ஆடினார்கள். உருகுவே அணியில் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் குறைவு. அவர்கள் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இடைவேளையில் 24-12. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் அது ஒரு ட்ரை. பிஜி மொத்தம் ஐந்து ட்ரை போட்டது, உருகுவே மூன்றுதான். ஆனால் ட்ரைக்குப் பின் பிஜி உதைத்த கன்வர்ஷன்களில் ஒன்றுதான் கம்பத்துக்குள் போனது. உருகுவேயின் உதைப்பாளர் பெர்செஸியின் கால் அந்த அணியைக் காப்பாற்றியது. கடைசி நொடியில் பிஜி இன்னொரு ட்ரை போட்டும் 30-27. உலகக் கோப்பையில் உருகுவே ஜெயிப்பது 2003-க்குப் பிறகு முதல் தடவை. தலைவர் கமினாரா தொலைக்காட்சிப் பேட்டியில் அழுதுகொண்டே பேசினார். வருகை 14,025 என்று அறிவித்தார்கள். அந்த 14,025 பேரில் உருகுவேக்காரர்கள் சொற்பம். ஆனால் சத்தத்தைக் கேட்டால் அப்படித் தெரியாது. பெரிய ஆலையை, பெரிய அலைத்தடுப்பை நம்பி ஏமாந்த ஊர், சின்ன அணியின் பக்கம் போகாமல் வேறு எந்தப் பக்கம் போகும்?

இரண்டாவது ஆட்டம் அக்டோபர் 13, நமீபியாவும் கனடாவும். அதற்கும் டிக்கெட் வைத்திருந்தேன். ஹகிபிஸ் புயல் 12-ஆம் தேதி ராத்திரி கரையேறியது. வேறு இரண்டு ஆட்டங்களை முன்பே ரத்து செய்திருந்தார்கள். கமாயிஷி ஆட்டத்தை மட்டும் காலைவரை விட்டுவைத்தார்கள். விடிந்து பார்த்தால் நிலச்சரிவு, வெள்ளம், வெளியேறச் சொல்லி உத்தரவு. ரத்து. நமீபியா 1999 முதல் எல்லா உலகக் கோப்பைக்கும் வந்து ஓர் ஆட்டத்திலும் ஜெயிக்காத அணி. அவர்களுக்கு இருந்த நல்ல வாய்ப்பு அந்த ஆட்டம்தான். 0-0 என்று எழுதி, ஆளுக்கு இரண்டு புள்ளி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

தோக்கியோவில் பலர் முணுமுணுத்தார்கள். அவ்வளவு பாடுபட்ட ஊருக்கு ஒருநாள் தள்ளி நடத்தக்கூடாதா என்று. நண்பரைத் தொலைபேசியில் பிடித்து வருத்தம் சொன்னேன். அவருக்கு என் வருத்தமே பிடிக்கவில்லை. "உனோசுமாயில் போய் நின்றுகொண்டு, ஆபத்து வருகிறதா இல்லையா பார்ப்போம் என்று காத்திருக்கச் சொல்கிறீர்களா?" என்றார். அந்த நிலத்தில் அந்த முடிவைத் தவிர வேறு எதை எடுத்திருந்தாலும் அரங்கத்தை அங்கே கட்டியதற்கே அர்த்தம் இல்லாமல் போயிருக்கும். பன்னிரண்டு ஊர்களில் இதைப் புரிய வைக்க யாரும் வாய் திறக்க வேண்டியிராத ஊர் கமாயிஷிதான்.

கனடா ஆட்டக்காரர்கள் அன்றைக்கு ஓட்டலில் உட்கார்ந்திருக்கவில்லை. மண்வெட்டியை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கி, வீடுகளுக்குள் புகுந்த சேற்றை அள்ளிப் போட்டார்கள். நமீபியாக்காரர்கள் முகாமிட்டிருந்த மியாக்கோவில் ஊர் மக்களைச் சந்தித்துப் பேசினார்கள். ஸ்க்ரம்மில் முட்டிமோத வேண்டிய தோள்கள் ஈரப் பாயையும் நனைந்த அலமாரியையும் தூக்கும் படங்கள் உலகமெல்லாம் போயின. அழகான படங்கள்தான். ஆனால் அவற்றைப் பார்த்து 'இதுதான் உண்மையான உலகக் கோப்பை' என்று எழுதியவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். நமீபியாக்காரர்களிடம் கேட்டிருந்தால், ஆட்டமும் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எட்டு வருடம் காத்திருந்த கமாயிஷிக்காரர்களும் அப்படித்தான்.

மார்ச்சில் திறந்த ரியாஸ் லைன் அந்தப் புயலில் பல இடங்களில் அறுந்தது. மறுபடி முழுசாக ஓடியது 2020 மார்ச்சில். அதற்குள் கொரோனா வந்துவிட்டது, ஆகையால் யாரும் ஏறவில்லை. கழற்ற வேண்டிய இருக்கைகளைக் கழற்றினார்கள்.

உலகக் கோப்பையால் கமாயிஷிக்கு என்ன கிடைத்தது என்று கணக்குக் கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல கணக்கு இல்லை. மக்கள்தொகை தொடர்ந்து குறைகிறது. ஆலை திரும்பவில்லை. இளைஞர்கள் செந்தாய்க்கோ தோக்கியோவுக்கோ போகிறார்கள். ஓர் ஆட்டம் இதையெல்லாம் மாற்றும் என்று சொன்னவர்கள் வியாபாரிகள். ஆனால் சீவேவ்ஸ் அந்த அரங்கத்தில் ஆடுகிறது. புது லீக்கில் இரண்டாம் பிரிவு. ஆறாயிரம் இருக்கையும் நிறையாவிட்டாலும், கொடியைப் பிடிக்கிற கைகள் இருக்கின்றன. நண்பர் ஓய்வுபெற்று இவாத்தேக்கே போய்விட்டார். ஒவ்வொரு ஊர் ஆட்டத்துக்கும் போய்வந்து எனக்கு நீளமாகச் செய்தி அனுப்புகிறார். போன தடவை அனுப்பியதில் முக்கால்வாசி பத்தாம் எண் ஆட்டக்காரரைத் திட்டி. அடுத்த ஊர் ஆட்டத்துக்கு என்னையும் வரச்சொல்லியிருக்கிறார். முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவரவும் சொன்னார்.